நீரிழிவும் குஷிங் நோயும் சேர்ந்த நாய்: சிகிச்சையில் எது முதலில்?

நாய்க்கு வரும் நீரிழிவில் கணையத்தின் பீட்டா செல்கள் அழிந்துபோகின்றன. அதனால் ஏறக்குறைய எல்லா நாய்களுக்கும் ஆயுள் முழுவதும் இன்சுலின் ஊசி தேவைப்படுகிறது. குஷிங் நோயில் அட்ரீனல் சுரப்பியின் புறணி கார்டிசாலை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. தானாகத் தோன்றும் குஷிங் நோயில் 80 முதல் 85 விழுக்காடு பிட்யூட்டரி சுரப்பியில் வளரும் கட்டியால் வருவது; எஞ்சியது அட்ரீனலிலேயே வளரும் கட்டியால் வருவது. இரண்டும் நடுவயதைக் கடந்த நாய்களைத் தாக்குவதால் ஒரே உடலில் சேர்ந்து காணப்படுவதில் வியப்பில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் 1993 முதல் 1998 வரை சிகிச்சை பெற்ற 221 நீரிழிவு நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 23 விழுக்காட்டு நாய்களுக்குக் குஷிங் நோயும் இருந்தது. சிக்கலான நோயாளிகள் அனுப்பப்படும் மருத்துவமனை என்பதால் இந்த விகிதம் சற்று மிகுந்திருக்கலாம். என்றாலும், நீரிழிவு நாயைப் பார்க்கும் மருத்துவர் இந்த இரண்டாவது நோயை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இது போதிய சான்று.

இத்தகைய நாயின் சர்க்கரை இறங்காதபோது, இறங்கும்வரை இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போவதுதான் பலரும் செய்வது. இந்த அணுகுமுறை ஆபத்தானது என்பதே இக்கட்டுரையின் வாதம். இன்சுலினை மிதமான அளவில் நிறுத்திக்கொண்டு, இன்சுலின் எதிர்ப்புக்கான காரணத்தைத் தேடி, கார்டிசாலை மெல்லக் குறைத்து, அதன் பிறகே சர்க்கரையைச் செம்மைப்படுத்த வேண்டும். கார்டிசால் மிகுந்திருக்கும்போது பொருந்திய இன்சுலின் அளவு, அது குறைந்த பிறகு நாயின் உயிரை வாங்கக்கூடும்.

இரு நோய்களுக்கும் உள்ள உறவு நாய்களின் உடலில்தான் முதலில் வெளிப்பட்டது. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் நாயின் கணையத்தை அகற்றி, அதனால் நீரிழிவு உண்டாவதைக் காட்டினர். 1930-களின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹவுசே, கணையம் அகற்றப்பட்ட நாயின் பிட்யூட்டரியையும் அகற்றினால் நீரிழிவின் கடுமை தணிகிறது என்று நிறுவினார். பிட்யூட்டரி குறித்த இந்த ஆய்வுகளுக்காக 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1936-இல் லாங், லூக்கன்ஸ் இருவரும் பூனைகளில் அட்ரீனலை அகற்றியும் இதே விளைவைக் கண்டனர். இன்சுலின் இல்லாமையும் பிட்யூட்டரி-அட்ரீனல் அச்சின் மிகுசுரப்பும் ஒன்றையொன்று எப்படி மோசமாக்குகின்றன என்பது, குஷிங் நோய்க்கு நாய்களில் மருந்து கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே அறியப்பட்டதுதான்.

கார்டிசால் பல வழிகளில் சர்க்கரையை ஏற்றுகிறது. தசைகளைக் கரைத்து, அவற்றின் அமினோ அமிலங்களைக் கொண்டு கல்லீரலில் புதிய குளுக்கோஸை உருவாக்கத் தூண்டுகிறது. தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் கொழுப்பு அமிலங்களைப் பெருக்க, அவை இன்சுலினின் வேலையை மேலும் கெடுக்கின்றன. கணையம் நலமாக உள்ள நாய் கூடுதல் இன்சுலினைச் சுரந்து இதை ஈடுகட்டிவிடும். குஷிங் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு நீரிழிவு வராததற்குக் காரணம் இதுவே. ஏற்கெனவே பீட்டா செல்களை இழந்துகொண்டிருக்கும் நாயால் ஈடுகட்ட முடிவதில்லை.

நோயை அடையாளம் காண்பதில் உள்ள சிக்கல், இரண்டும் ஒரே முகத்தைக் காட்டுவதுதான். அளவில்லாத் தாகம், அடிக்கடி சிறுநீர், தீராப் பசி ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொது. இரத்தத்தில் கொழுப்பு ஏறுவதும், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி உயர்வதும் பொது. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவதும் அப்படியே. வேறுபடுத்திக் காட்டுபவை சில உண்டு. கட்டுப்படாத நீரிழிவில் நாய் மெலியும். குஷிங்கில் தசை வற்றினாலும் வயிறு பானைபோல் தொங்கும். இரு விலாப்புறங்களிலும் ஒரே சீராக முடி உதிர்ந்து, சவரம் செய்த இடத்தில் மாதக்கணக்கில் முளைக்காமல் இருக்கும். அடிவயிற்றுத் தோல் மெலிந்து, அதனடியில் ஓடும் இரத்தக் குழாய்கள் நீலக் கோடுகளாகத் தெரியும். சில நாய்களின் பிடரியிலோ தொடையிடுக்கிலோ சுண்ணாம்புப் படிவுகள் உருவாகி, விரலால் தடவினால் தோலுக்குள் மணல் இருப்பதுபோல் நெருடும். கோடையில்லாத நாளிலும், படுத்திருக்கும்போதும் மூச்சிரைக்கும். சிறுநீரின் அடர்த்தி ஒரு நல்ல தடயம். சர்க்கரை கலந்த சிறுநீர் பொதுவாக அடர்ந்தே இருக்கும். சர்க்கரை நிறைந்திருந்தும் நீர்த்துக் காணப்பட்டால் கார்டிசாலைச் சந்தேகிக்க வேண்டும்.

நாயின் எடையில் கிலோவுக்கு 1.5 யூனிட் வீதம் ஒவ்வொரு வேளைக்கும் இன்சுலின் போட்டும் சர்க்கரை கட்டுப்படவில்லை என்றால், எதிர்ப்பு இருப்பதாகக் கொள்வது வழக்கம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் மருந்தையும் கையையும் சோதிக்க வேண்டும். வெயிலில் கெட்ட இன்சுலின், காலாவதியான குப்பி, முடிக்குள்ளேயே ஊசி போய் மருந்து வெளியே வழிவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தித் தோல் தடித்துப்போவது என எளிய காரணங்கள் ஏராளம். இந்தியாவில் இன்னொன்றும் உண்டு. இங்குள்ள மருந்துக் கடைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் 100 யூனிட் உள்ள இன்சுலினும் பக்கத்துப் பக்கத்தில் விற்கின்றன. அவற்றுக்குரிய சிரிஞ்சுகளும் வேறு. 40-க்குரிய சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 என்ற கோடு கால் மில்லிலிட்டரைக் குறிக்கும். அந்தச் சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை அதே கோடுவரை இழுத்தால் நாய்க்குள் போவது 25 யூனிட். மாறிப்போனால் இரண்டரை மடங்கு மருந்து, அல்லது தேவையில் ஐந்தில் இரண்டு பங்கு மட்டும். புதிய குப்பி வாங்கும் ஒவ்வொரு முறையும் குப்பியையும் சிரிஞ்சையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது வேறெந்தப் பரிசோதனைக்கும் குறைந்ததல்ல.

அடுத்து, குஷிங் அல்லாத பிற எதிர்ப்புக் காரணங்கள். கருத்தடை செய்யப்படாத பெட்டை நாயில் பருவம் முடிந்த பிறகு சில வாரங்களுக்குப் புரோஜெஸ்டிரான் உயர்ந்திருக்கும். அது பால்மடித் திசுவிலிருந்து வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் செய்து இன்சுலினைத் தடுக்கும். கருப்பையையும் சினைப்பையையும் அகற்றினால் சில நாய்களின் சர்க்கரை வியக்கத்தக்க அளவு கட்டுக்குள் வரும். சிறுநீர்த் தொற்று, பல் ஈறு நோய், கணைய அழற்சி, தைராய்டு குறைவு ஆகியவையும் தேடப்பட வேண்டியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியிலிருந்து போகும் ஸ்டீராய்டு. தோல் அரிப்புக்காகப் பல மாதம் கொடுத்த பிரட்னிசலோன் மாத்திரை, நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி, காதுச் சொட்டு மருந்து, கண் மருந்து, தேய்த்த களிம்பை நாய் நக்கியது ஆகிய எல்லாமே குஷிங்கின் தோற்றத்தையும் உயர் சர்க்கரையையும் உண்டாக்க வல்லவை. வீட்டார் இவற்றை மருந்தாகவே நினைப்பதில்லை. ஆகவே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நீண்டகாலம் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. சுருங்கிப்போன அட்ரீனல் மீண்டெழக் காலம் வேண்டும்.

குஷிங் நோய்க்கான ஹார்மோன் சோதனைகள் எவையும் நீரிழிவு நாயில் முழு நம்பிக்கைக்கு உரியவை அல்ல. கட்டுப்படாத நீரிழிவே உடலுக்கு ஒரு நெருக்கடி. அந்த நெருக்கடியில் நலமான அட்ரீனலும் மிகுதியாகச் சுரக்கும். குறைந்த அளவு டெக்ஸாமெத்தசோன் கொடுத்து எட்டு மணி நேரத்தில் கார்டிசால் அடங்குகிறதா என்று பார்க்கும் சோதனை, உள்ள நோயைத் தவறவிடுவது அரிது. இல்லாத நோயை இருப்பதாகச் சொல்வது மிகுதி. அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனைச் செலுத்திப் பார்க்கும் தூண்டல் சோதனை உண்மை நோயைச் சில நேரம் தவறவிட்டாலும், பிற நோய்களால் குழம்புவது குறைவு. வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டையும் அது காட்டிக்கொடுக்கும். வீட்டில் பிடித்த காலைச் சிறுநீரில் கார்டிசாலுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் இயல்பாக இருந்தால் குஷிங் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. உயர்ந்திருந்தால் அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆகவே இன்சுலின் குறையால் கீட்டோன்கள் பெருகும் கீட்டோ அமிலத்துவம், தொற்று போன்ற அவசர நிலைகளைத் தீர்த்து, சில வாரங்கள் இன்சுலின் கொடுத்து நாயை ஓரளவு நிலைப்படுத்திய பிறகே சோதிக்க வேண்டும். தோலும் வயிறும் குஷிங்கின் அடையாளங்களைக் காட்டாத நாயில், சர்க்கரை இறங்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இச்சோதனைகளைச் செய்தால் பொய்யான விடையே பெரும்பாலும் கிடைக்கும். அட்ரீனல்கள் இரண்டும் ஒருசேரப் பருத்துள்ளனவா, ஒன்றில் மட்டும் கட்டியா என்பதை வயிற்று அல்ட்ராசவுண்ட் காட்டும்; சிகிச்சையின் திசையை அது மாற்றக்கூடியது.

இந்த இடைக்காலத்தில் இன்சுலின் எவ்வளவு? தொடக்க அளவு கிலோவுக்கு 0.25 முதல் 0.5 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, உணவோடு. குஷிங் சந்தேகம் வலுவாக இருந்தால் கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்கு அப்பால் அவசரமாக ஏறாமல் இருப்பதே நல்லது. இக்கட்டத்தில் நோக்கம் சர்க்கரையை இயல்புக்குக் கொண்டுவருவது அல்ல. கீட்டோன் உருவாகாமலும், நாய் மெலியாமலும் பார்த்துக்கொள்வது. நாயின் சிறுநீரகம் இரத்தச் சர்க்கரை 180 முதல் 220 மி.கி./டெ.லி. தாண்டும்போதுதான் அதைச் சிறுநீரில் விடுகிறது. பின்னாளிலும் நாளின் பெரும்பகுதி 250-க்குக் கீழும், மிகத் தாழ்ந்த நிலையில் 80-க்கு மேலும் இருந்தால் போதுமானது. மனித நீரிழிவின் இறுக்கமான இலக்குகளை நாய்க்குப் பொருத்துவது தேவையற்ற இடர்.

கார்டிசாலைக் குறைக்க இன்று முதன்மையாகப் பயன்படும் மருந்து ட்ரைலோஸ்டேன். ஸ்டீராய்டு உருவாவதற்கு வேண்டிய ஒரு நொதியை அது தற்காலிகமாகத் தடுக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் நாய்களுக்கென இதை ஏற்றது. அதற்கு முன்பு கோலோச்சிய மைட்டோடேன், டிடிடி பூச்சிக்கொல்லியின் உறவுச் சேர்மம். அக்குடும்பச் சேர்மம் ஒன்றை உண்ட நாய்களின் அட்ரீனல் புறணி அழிவதை 1949-இல் கவனித்ததிலிருந்து பிறந்த மருந்து அது. சுரப்பைத் தடுப்பதோடு நில்லாமல் திசுவையே அழிக்கும். ட்ரைலோஸ்டேனின் செயல் பெரும்பாலான நாய்களில் 12 மணி நேரத்துக்குக் குறைவாகவே நீடிக்கும். அதன் அச்சுக்குறிப்பு நாளுக்கு ஒருவேளை என்று சொன்னாலும், நீரிழிவு நாய்க்கு கிலோவுக்கு 1 மி.கி. அளவில் தொடங்கி இருவேளை கொடுப்பதே பொருத்தம். ஒருவேளை கொடுத்தால் நாளின் ஒரு பாதியில் கார்டிசால் தாழ்ந்தும் மறுபாதியில் உயர்ந்தும் இருக்கும். ஒரே அளவில் போடும் இருவேளை இன்சுலின் ஒருபோதும் இரண்டுக்கும் பொருந்தாது. உணவோடு கொடுத்தால்தான் மருந்து நன்றாக உறிஞ்சப்படும் என்பதால் சோறு, மாத்திரை, ஊசி மூன்றும் ஒரே நேரத்தில் அமைவது வீட்டாருக்கும் வசதி.

ட்ரைலோஸ்டேன் தொடங்கும் நாளிலேயே இன்சுலினைக் குறைக்க வேண்டுமா என்பதில் மருத்துவர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. தாழ் சர்க்கரைக்கு அஞ்சி 10 முதல் 30 விழுக்காடு குறைக்கச் சொல்வோர் உண்டு. ஆனால் இரு நோய்களும் உள்ள எட்டு நாய்களைப் பற்றி 2010-இல் வெளியான பின்னோக்கு ஆய்வில், ட்ரைலோஸ்டேனுக்குப் பிறகு இன்சுலின் தேவையோ, சில வாரச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைனோ எல்லா நாய்களிலும் சீராகக் குறையவில்லை. எட்டு நாய்கள் என்பது சிறிய எண்ணிக்கைதான். எனினும் கார்டிசால் இறங்கினால் இன்சுலின் தேவையும் கட்டாயம் இறங்கும் என்ற எளிய கணக்கை அது அசைக்கிறது. ஆகவே முடிவு நாயைப் பொறுத்தது. முன்பே இன்சுலின் அளவு உயர்ந்திருந்தாலோ, தாழ்ந்த அளவீடுகள் 150-ஐத் தொட்டுக்கொண்டிருந்தாலோ முன்கூட்டிக் குறைப்பது நியாயம். மிதமான அளவில் இருந்தும் நாள் முழுதும் சர்க்கரை 400-க்கு மேல் நிற்கும் நாய்க்கு, முதல் நாளே குறைப்பதால் கீட்டோன்தான் வரும். அதற்கு அளவை மாற்றாமல், நெருக்கமாக அளந்து, இறக்கம் தெரிந்தவுடன் குறைப்பதே சரி. சூத்திரத்தைவிட அளவீட்டை நம்ப வேண்டிய இடம் இது.

அளவீட்டுக்கு இன்று நல்ல கருவி, மனிதர்களுக்கெனச் செய்யப்பட்ட தொடர் குளுக்கோஸ் உணரி. முடி மழித்த முதுகிலோ கழுத்தின் பக்கவாட்டிலோ ஒட்டினால் 14 நாள் வரை, நாய் தன் வீட்டிலேயே இருக்க, இரவும் பகலும் அளவைக் காட்டும். குஷிங் நாயின் மெல்லிய தோல் பசையால் புண்ணாகலாம். சில நாய்கள் 14 நாளுக்கு முன்பே உணரியைக் கழற்றிவிடும். விரல்நுனி இரத்தத்துக்கான குளுக்கோமீட்டரை நாய்க்குப் பயன்படுத்தினால், அது பெரும்பாலும் உண்மையைவிடத் தாழ்வாகக் காட்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நாயின் இரத்தத்தில் குளுக்கோஸ் சிவப்பணுக்களைவிடப் பிளாஸ்மாவில் மிகுதியாகப் பங்கிடப்பட்டிருப்பதே காரணம். ஃப்ரக்டோசமைன் இரண்டு மூன்று வாரச் சராசரியைச் சொல்லும். திடீர் இறக்கங்களைச் சொல்லாது.

கார்டிசாலுக்கான மறுபரிசோதனை முதல் 10–14 நாளிலும், ஒரு மாதத்திலும், பிறகு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் செய்யப்படுகிறது. அந்த நாளின் அமைப்பைச் சொல்வது பயன்தரும். இரத்தப் பரிசோதனை என்றாலே வெறும் வயிறு என்று நினைத்து வீட்டார் நாயைப் பட்டினியாக அழைத்துவருகிறார்கள். இங்கே அது தவறு. காலை ஏழு மணிக்கு வழக்கமான உணவு, ட்ரைலோஸ்டேன், இன்சுலின் மூன்றும் கொடுக்க வேண்டும். பதினொரு மணிக்கு முதல் இரத்தம் எடுத்து, ஏசிடிஎச் செலுத்தி, பன்னிரண்டுக்கு இரண்டாம் இரத்தம். தூண்டலுக்குப் பின் கார்டிசால் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 6 மைக்ரோகிராமுக்குள் இருந்தால், நாயின் தாகமும் பசியும் தணிந்திருந்தால், அளவு சரி. அதே நேரத்தில் சோடியம், பொட்டாசியம், சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். எண் சரியாக இருந்தும் தாகம் தீரவில்லை என்றால் குறை பெரும்பாலும் நீரிழிவின் பக்கம் இருக்கும். இன்சுலினைச் செம்மைப்படுத்தும் காலம் அப்போதுதான் தொடங்குகிறது.

சாப்பிட மறுக்கும் நாய்க்குத் தனிக் கவனம் தேவை. குஷிங் நாய் உணவை மறுப்பதே அபூர்வம். நீரிழிவும் உள்ள நாய் மறுத்தால் அது அவசரம். ட்ரைலோஸ்டேன் மிகுந்து கார்டிசால் அற்றுப்போயிருக்கலாம். வாந்தி, தளர்ச்சி, சோடியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறுதல் அதன் அடையாளங்கள். கீட்டோ அமிலத்துவம், கணைய அழற்சி, பித்தப்பையில் சளி உறைதல் ஆகியவையும் இதே தோற்றத்தில் வரும். கார்டிசால் இல்லாத நிலை இவற்றுள் மிகக் கொடியது. சர்க்கரை தாழும்போது அதை உயர்த்த உடலுக்கு உள்ள தற்காப்புகளில் கார்டிசாலும் ஒன்று. அது இல்லாத நாய்க்கு வழக்கமான இன்சுலினைப் போட்டால் மீளும் வழி அடைபடும். அதனால் வீட்டாருக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டளை தெளிவானது: நாய் சாப்பிடவில்லை என்றால் அந்த வேளை ட்ரைலோஸ்டேன் கொடுக்கக் கூடாது, முழு இன்சுலினும் போடக் கூடாது, சர்க்கரையை அளந்து உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். நாய் தள்ளாடினாலோ நடுங்கினாலோ தேனையோ குளுக்கோஸ் பொடிக் கரைசலையோ ஈறில் தடவிவிட்டுப் புறப்பட வேண்டும். மருத்துவமனையில் உப்பு நீர், தேவைக்குக் குளுக்கோஸ், டெக்ஸாமெத்தசோன் ஆகியவை பெரும்பாலான நாய்களை மீட்டுவிடும். ட்ரைலோஸ்டேனை நிறுத்திய சில நாட்களில் அட்ரீனல் வழக்கமாக மீளும். அரிதாக அது நிலையாகச் சிதைவதும் உண்டு.

உணவில் வகையைவிட ஒழுங்கு முக்கியம். இருவேளையும் ஒரே உணவு, ஒரே அளவு. தயிர்ச்சோறும் கோழிக் குழம்புச் சோறும் மாறி மாறி வருவது, நடுவில் மேரி பிஸ்கட்டுகள் விழுவது ஆகியவை எந்த இன்சுலின் கணக்கையும் குலைத்துவிடும். நார்ச்சத்து மிகுந்த தயார் உணவு பருத்த நாய்க்கு நல்லது, மெலிந்த நாய்க்கு வேண்டாம். கொழுப்பைக் குறைப்பது இரு நோய்களுக்கும் பொது. இரண்டுமே கணைய அழற்சிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துபவை. மனிதச் சர்க்கரை நோயாளிக்கான இனிப்புகளில் சைலிட்டால் இருந்தால் அது நாய்க்கு நஞ்சு.

பிற சிக்கல்களில் கண்புரை தவிர்க்க முடியாதது என்றே கொள்ளலாம். நீரிழிவு கண்டறிந்த ஒன்றரை ஆண்டுக்குள் ஐந்தில் நான்கு நாய்களுக்கு வந்துவிடுகிறது. அறுவை சிகிச்சை பார்வையைத் திருப்பித் தரும், ஆனால் கார்டிசால் கட்டுப்படுமுன் செய்தால் புண் ஆறுவது தாமதமாகலாம். சிறுநீர்த் தொற்று எரிச்சலோ இரத்தமோ காட்டாமல் மறைந்திருக்கும் என்பதால், சர்க்கரை காரணமின்றி ஏறும்போது சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். குஷிங் நாய்களில் பாதிக்கு மேல் இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கும். அதற்கான மருந்துகளில் பொட்டாசியத்தை ஏற்றுபவற்றை ட்ரைலோஸ்டேனோடு சேர்க்கையில் எச்சரிக்கை வேண்டும்.

அட்ரீனல் கட்டியை அறுத்து எடுக்க முடிந்தால் கார்டிசாலின் ஊற்றே அடைபடும். மறுபக்க அட்ரீனல் சுருங்கிக் கிடப்பதால் சில வாரங்கள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும். இன்சுலின் தேவை அந்த நாட்களில் ஏறியிறங்கும். நீரிழிவு முற்றாக நீங்கிய நாய்கள் உண்டு, ஆனால் சில மட்டுமே. பெரும்பாலானவற்றின் பீட்டா செல்கள் அதற்குள் அழிந்திருக்கும். பிட்யூட்டரி கட்டியை அகற்றும் அறுவையில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் நீண்ட அனுபவம் பெற்றது. பெரும்பாலான நாடுகளில் அது எட்டாத வசதி. மருந்தால் கார்டிசால் அடங்கிய நாய் மந்தமாகி, சுவரைப் பார்த்து நின்று, வட்டமிட்டு நடக்கத் தொடங்கினால், சர்க்கரையும் உப்புகளும் சரியாக இருக்கும் நிலையில், அந்தக் கட்டி வளர்ந்து மூளையை அழுத்துகிறது என்று கருதி ஸ்கேன் எடுக்க வேண்டும். கதிர்வீச்சு கிடைக்கும் இடத்தில் அதுவே அடுத்த வழி.

எல்லாக் குஷிங் நாய்க்கும் சிகிச்சை வேண்டுமா என்ற கேள்வியும் எழும். தனியாக வந்த மெல்லிய குஷிங்கைச் சில காலம் பார்த்திருப்பது ஏற்கத்தக்கது. நீரிழிவோடு வந்தால் அந்தத் தளர்வுக்கு இடம் குறைவு. ஆயினும் மாதந்தோறும் இரு நோய்களுக்கும் செலவிட முடியாத வீடுகள் பல. அங்கே இன்சுலினை நிறுத்துவது என்பது பேச்சுக்கே இடமில்லாதது. நிறுத்தினால் நாய் கீட்டோ அமிலத்துவத்தில் இறக்கும். ட்ரைலோஸ்டேனைத் தள்ளிப்போடலாம். ஆனால் பரிசோதிக்க வசதியில்லாமல் அதைக் கொடுப்பது, கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். அப்படிப்பட்ட நாய்க்கு மிதமான இன்சுலினும் ஒழுங்கான உணவும் கொடுத்து, சிறுநீரில் கீட்டோன் பட்டையால் வாரம் இருமுறை பார்த்து, எடையையும் குடிக்கும் தண்ணீரின் அளவையும் குறித்துவந்தால், சர்க்கரை 300-ஐ ஒட்டியே நின்றாலும் கணிசமான காலம் வலியின்றி வைத்திருக்க முடியும்.